பூ வரும்வரை காத்திருக்கலாமா?

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் பழைய உயிர்வேலி ஒன்று எஞ்சியிருந்தால், அதில் குறைந்தது ஐந்தாறு கொடிகளாவது பின்னிக் கிடக்கும். பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி, சீந்தில், சூரை என்று ஆடு மேய்க்கும் கிழவி பெயர் சொல்லிவிடுவாள். கல்லூரியில் தாவர சாஸ்திரம் படித்த பிள்ளையோ, “பூ இருந்தால்தான் சொல்ல முடியும்” என்கிறான்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவன் கையில் கொடுக்கப்படும் புத்தகங்கள் அப்படி. காம்பிள் துரை தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. திருச்சி மாத்யூ பாதிரியார் சேலம் பகுதியையும் சேர்த்து அலசி எழுதிய தொகுதிகள் 1981 முதல் 1988 வரை வந்தன. இரண்டும் பெரும் சாதனைகள். ஆனால் இரண்டும் இங்கிலீஷில், நிபுணர்களுக்காக, பெரும்பாலும் பூவின் உறுப்புகளை வைத்தே வழிகாட்டுபவை. கொடி வருஷம் முழுவதும் பூத்துக்கொண்டா நிற்கிறது?

பூவை விட்டுவிட்டு, கொடி எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். இதை 1865ஆம் வருஷத்திலேயே டார்வின் வகுத்துக் காட்டினார். தண்டே சுற்றி ஏறுவது ஒன்று. இலையால் பற்றுவது, பற்றுச்சுருளால் பிடிப்பது, கொக்கியால் மாட்டிக்கொள்வது, வேரால் ஒட்டுவது மற்றவை. நம் வேலிகளில் இந்த ஐந்துக்கும் உதாரணம் தேடலாம். செங்காந்தளுக்கு இலை நுனியே சுருண்டு பிடியாகிறது. பிரண்டையில் பற்றுச்சுருள் இலைக்கு எதிர்ப்புறம் கிளம்பும்; கோவையில் இலைக்காம்பின் பக்கத்தில். சூரைக்கு வளைந்த முள்ளே கொக்கி.

இலை ஏமாற்றும் என்பார்கள் பேராசிரியர்கள். உண்மைதான். வெற்றிலை, வேலிப்பருத்தி, சீந்தில் மூன்றுக்கும் இலை இதய வடிவம். ஆனால் பரமத்தி வேலூர் கொடிக்கால்காரர் ஏமாறுவாரா? அகத்தி மரத்தில் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஒட்டுவது வெற்றிலை. கற்பூரி எது, வெள்ளைக்கொடி எது என்றும் பூவைப் பாராமலே பிரிப்பார். வேலிப்பருத்தியின் இலைகள் எதிரெதிராக நிற்கும்; கிள்ளினால் பால் வடியும். சீந்திலின் இலைகள் மாறிமாறி வரும், பால் இல்லை, மரத்திலிருந்து நூல்போல் வேர்கள் தொங்கும். மூன்று கேள்விகளில் தீர்ந்தது வழக்கு.

இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதி அல்ல. செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கோ கொடிய விஷம். வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்றால் உயிர் போகும். சீந்தில் விஷயம் இன்னும் சமீபத்தியது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் காய்ச்சினார்கள். சிலருக்கு ஈரல் கெட்டதாக 2021இல் பம்பாய் வைத்தியர்கள் எழுதியதும் சர்ச்சை கிளம்பியது. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, சீந்திலைப் போன்றே தோன்றும் அதன் இனக்கொடி ஒன்றைப் பிரித்தறிய அடையாளங்கள் வெளியிட்டது. அந்தக் கொடியின் தண்டு சாம்பல் நிறம். உடலெங்கும் புடைத்த முண்டுகள். வெட்டினால் பால்போன்ற கசிவு. ஈரல் நிபுணர்களோ 2022இல் 43 நோயாளிகளை ஆராய்ந்து, அசல் சீந்திலே சிலருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்றார்கள். ஆக, சரியான கொடி என்று கண்டறிவதோடு கவலை தீரவில்லை. ஆனால் அதைக்கூடக் கண்டறியாமல் குடிப்பதை என்னவென்று சொல்வது?

பூ இல்லாமலே கொடியை அடையாளம் காணத் தமிழில் ஒரு சிறு கைப்புத்தகம், படங்களோடு, இந்த இரு ஜில்லாப் பள்ளிகளுக்கும் தேவை. தண்டு சதுரமா உருளையா, பால் உண்டா, இலை எதிரெதிரா மாறிமாறியா, பிடி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகள் போதும். உயிர்வேலிகளை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போடும் வேகத்தைப் பார்த்தால், பாடம் நடத்த வேலி மிச்சமிருக்கும்போதே இதைச் செய்வது நலம்.

நாட்டுமருந்துக் கடையில் சீந்தில் துண்டு துண்டாக நறுக்கித்தான் விற்கப்படுகிறது. பூவும் கிடையாது, இலையும் கிடையாது. வாங்குகிறவர் கையில் இருப்பது தண்டு மட்டுமே.