தாம்பரத்தை எங்கே வைப்பது?

தஞ்சைப் பெரிய கோயில் கணினி ஆட்டத்துக்குள் வந்துவிட்டது என்று நண்பர்கள் சிலர் மகிழ்ந்துபோயிருக்கிறார்கள். 2025-இல் வெளியான சிவிலைசேஷன் ஏழாம் பதிப்பில் சோழர்களும் உண்டு, பிரகதீசுவரர் கோயிலும் உண்டு. அதற்கு முன்பே, 2019-இல், ஆறாம் பதிப்பின் விரிவாக்கத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் உலக அதிசயங்களுள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அடுத்தது நகர் நிர்மாண ஆட்டங்கள்தாம் என்று ஒரு பட்டியல் தயாராகி வருகிறது: மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், திருமலை நாயக்கர் மகால், ரிப்பன் மாளிகை, சென்ட்ரல் நிலையம். தாம்பரத்துச் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்கள் என்ற முறையில் எங்களிடமும் கேட்டார்கள். சொல்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்காக அல்ல. பட்டியல் என்ற அந்த ஏற்பாடே பிழை என்பதுதான் எங்கள் கட்சி.

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2015 மார்ச்சில் வெளியானது. கூடுதல் விலை கொடுத்து வாங்குவோருக்கு ஐந்து வரலாற்றுக் கட்டடங்கள் கொசுறாகக் கிடைத்தன: ஈஃபில் கோபுரம், சுதந்திர தேவி சிலை, பிராண்டன்பர்க் வாயில், பாரீசின் வெற்றி வளைவு, நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையம். ஐந்தும் மேற்கத்தியவை என்பதில் நண்பர்களுக்கு வருத்தம். எங்கள் வருத்தம் வேறு. ஆட்டம் தொடங்கும்போது திரையில் இருப்பது வெற்று நிலம். நெடுஞ்சாலை ஒன்று ஓரமாக வந்து நிற்கும். அதிலிருந்து தெருக்களை இழுத்து, பச்சை, நீலம், மஞ்சள் என்று வண்ணம் பூசிக் குடியிருப்பும் கடையும் ஆலையும் வளர்க்கவேண்டும். பணம் சேரச்சேர அக்கம்பக்கத்து நிலத்தைச் சதுரம் சதுரமாக வாங்கலாம். விற்பவர் யார் என்று ஆட்டம் சொல்வதில்லை. வரலாறு பிற்பாடு, ஊர் கொழுத்த பிறகு, கடையிலிருந்து வாங்கி வைக்கும் பொருளாக வருகிறது.

தென்சென்னைப் புறநகரில் நிலம் பிரித்து விற்றவர்களுக்கு இந்த ஆட்டம் எதையும் புதிதாகக் கற்றுத்தந்திருக்காது. இங்கும் நெடுஞ்சாலையிலிருந்து தெரு இழுத்தார்கள். இங்கும் நிலம் வெற்று நிலமாகவே தெரிந்தது. வருவாய்த்துறை ஏட்டில் அதற்கு ஒரு பெயரும் இருந்தது, புறம்போக்கு. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சுடுகாடு என ஊருக்குப் பொதுவாக இருந்தவற்றைக் குறித்த அச்சொல் வசைச்சொல்லாகிப் போனதே எங்கள் பகுதியின் சுருக்கமான வரலாறு.

பல்லாவரத்திலிருந்து தொடங்குவோம். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கேதான் செம்பூரான் சரளையிலிருந்து ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் ஒன்று இருந்தது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அதே வட்டாரத்தில் பெருங்கற்கால மக்கள் இறந்தோரை வைத்துப் புதைத்த சுடுமண் ஈமப்பேழையும் வெளிப்பட்டது. இவற்றை எந்தக் கட்டடமாக ஆட்டத்தில் வைப்பது? கோபுரம் இல்லை, வாயில் இல்லை, சுற்றுலாப் பயணி நின்று படமெடுக்க ஒரு படிக்கட்டும் இல்லை. மண்தான் நினைவுச்சின்னம். சில தெருக்கள் தள்ளி, மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறித்த குடைவரை தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. ஆட்டத்திலோ ஒரு கட்டடத்துக்கு ஒரே பயன், ஒரே காலம்.

இதில் எங்களுக்குச் சாதகமாக இல்லாத ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டம் பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பல்லாவரத்தில் ஈமக்காட்டு எல்லைக்குள் மனை வாங்கியவர்கள் வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்ப முடியாமல் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் என்ன பாதுகாப்பு என்பது அவர்கள் கேள்வி. அவர்களைப் பழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. மனை விற்கும்போது அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆட்டத்தைப் போலவே அவர்களுக்கும் வெற்று நிலம்தான் காட்டப்பட்டது.

அடுத்தது எங்கள் முதன்மையான முன்மொழிவு: ஏரி. கட்டடம் கேட்டால் ஏரியைச் சொல்கிறீர்களே என்று சிரிக்கவேண்டாம். கரை மனிதர் கட்டியது. மதகும் கலங்கலும் மனிதர் கட்டியவை. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் மிகுநீர் நன்மங்கலத்துக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பிறகு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒன்றின் கலங்கல் மற்றொன்றின் வரத்து. ஈஃபில் கோபுரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தாலும் அது ஈஃபில் கோபுரமே. கலங்கலை ஓர் அடி தள்ளி வைத்தால் அது வெறும் கல்வரிசை. இந்தக் கட்டுமானத்தைக் கடையில் விற்கமுடியாது. மாடம்பாக்கத்தில் தூங்கானை மாட விமானத்துடன் சோழர்காலக் கோயில் நிற்கிறது. அதைக் காட்டு என்றால் எல்லோரும் காட்டுவார்கள். அவ்வூர் ஏரியின் கலங்கலைக் காட்டு என்றால் எத்தனை பேர் காட்டுவார்கள் என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். விடை பெருமைப்படும்படி இல்லை.

அந்த ஆட்டம் வெளியான அதே 2015-இன் டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் தெருக்களில் படகு போனது. மழை மிகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் நீர் புதுவழி எதையும் தேடவில்லை. பழைய வழியிலேயே வந்தது. அங்கே வீடுகள் இருந்தன. 2019-இல் சிட்லபாக்கத்தில் குடியிருப்போரே ஏரியில் இறங்கித் தூர்வாரியதை எந்தக் கோபுரத் திறப்பு விழாவுக்கும் மேலாக நாங்கள் மதிக்கிறோம்.

தாம்பரம் சானடோரியத்தையும் சொல்லவேண்டும். ரயில் நிலையப் பெயராக அதை நாள்தோறும் உச்சரிக்கிறோம். 1928-இல் மருத்துவர் டேவிட் சவரிமுத்து காசநோயாளிகளுக்காகச் சில படுக்கைகளுடன் தொடங்கியது. 1937-இல் அரசு ஏற்றது. முன்பு இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணிதமேதை இராமானுஜன் சிகிச்சை பெற்றார். பிற்காலத்தில், எச்.ஐ.வி. தொற்றியோரைத் தொடவே பலரும் அஞ்சிய 1990-களில், அவர்களைச் சேர்த்துக்கொண்ட இடமும் இதுவே. நகரம் தன் நோயாளிகளைத் தன்னிடமிருந்து தள்ளிவைக்கத் தேர்ந்த இடத்துக்கு நகரமே பின்தொடர்ந்து வந்து குடியேறிவிட்டது. ஆட்டத்தில் மருத்துவமனை என்பது சுற்றியுள்ள மனைகளின் மதிப்பை ஏற்றும் ஒரு வட்டம். இதற்கு அந்த வட்டம் பொருந்துமா?

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை ஓடத் தொடங்கிய மின்ரயிலையும், 1937-இல் பாரிமுனைப் பக்கத்திலிருந்து இங்கு இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரியையும் யார் பட்டியலிட்டாலும் சேர்ப்பார்கள். அவற்றுக்கு எங்கள் சிபாரிசு தேவையில்லை.

கடைசியாக ஒரு கோடு. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே, 100 அடி எஃகுச் சங்கிலியால், ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளந்தார். இந்தியத் துணைக்கண்டத்தையே அளந்த மாபெரும் முக்கோண நில அளவைக்கு அதுவே தொடக்கம். நிலத்தைக் கட்டங்களாகப் பார்க்கும் கண் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் இந்நாட்டுக்குள் நுழைந்தது என்று சொல்வது சற்று மிகையே. இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது. அக்கோட்டின் தென்முனைப் பக்கத்தில் இன்று, கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடிகளில் சதுப்பு நிலத்தின் விளிம்பில் வாழ்கின்றன. சிம்சிட்டி ஆட்டத்துக்கு ஊற்றாக அமைந்த நூல்களுள் ஒன்று ஜே ஃபாரஸ்டர் 1969-இல் எழுதிய நகர இயக்கவியல் நூல். நலிந்த குடியிருப்புகளை இடிப்பது நகருக்கு நல்லது என்பது அவருடைய கணக்கின் முடிவுகளுள் ஒன்று. இடிக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பது அந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. பெரும்பாக்கம் அந்த வெளியில் இருக்கிறது.

வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பார்கள். பெரிய கோயில் வந்ததும் கொண்டாடியபோது அது வெறும் விளையாட்டாக இருக்கவில்லையே.

எங்கள் கோரிக்கை எளியது. இவ்வாட்டங்களில் வரைபடங்களை ஆடுவோரே செய்து பகிர்ந்துகொள்ள வழியுண்டு. கட்டடம் வரைந்து கடையில் வைக்கும் நண்பர்கள், ஒருமுறை வரைபடத்தைச் செய்யட்டும். அது திறக்கும்போதே பல்லாவரத்து மேடும், சானடோரியமும், செம்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணைவரை இறங்கும் ஏரிகளும் அங்கே இருக்கவேண்டும். கரையை இடிக்க விரும்புகிறவர் இடிக்கட்டும், தடையில்லை. அடுத்த மழைக்கு மட்டும் அவர் தன் வீட்டை நாராயணபுரத்தில் வைத்துக்கொண்டு ஆடவேண்டும்.