வழி இருக்கிறது, லாபம்தான் இல்லையாம்!

"புதிய ஆண்டிபயாட்டிக் மருந்து கண்டுபிடிப்பது இனி வீண் செலவு" என்று மருந்துக் கம்பெனி முதலாளிகள் ஒப்பாரி வைக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: வழி இல்லையா, லாபம் இல்லையா?

வழி இருக்கிறது! பாக்டீரியாவை அழிக்கும் பாக்டீரியோஃபேஜ் என்னும் வைரஸைப் பற்றி 1917லேயே பாரிஸில் டெரெல் அறிவித்தார். ஃபேஜ் கிருமிக்குள் நுழைந்ததும் தன் புரதங்களால் அதன் ஜீவாதாரமான வேலைகளை முடக்குகிறது. அது அடிக்கும் இடத்தைக் கண்டறிந்து, அங்கேயே அடிக்கும் ரசாயனத்தைத் தேடினால் என்ன?

கனடாவில், மான்ட்ரியல் நகரின் ஃபேஜ்டெக் கம்பெனி விஞ்ஞானிகள் இதைத்தான் செய்தார்கள். சீழ்ப்புண் முதல் ரத்தம் விஷமாவது வரை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைத் தாக்கும் 26 ஃபேஜ்களின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும் 31 புதிய புரதக் குடும்பங்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று, கிருமி தன் டிஎன்ஏவைப் படியெடுக்க உதவும் புரதத்தையே பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடியையே உரைகல்லாக வைத்து ரசாயனங்களைச் சலித்தபோது, கிருமியைத் தடுக்கும் சில கிடைத்தன. 2004ல் முடிவுகள் பகிரங்கமாக வெளியாயின.

பிறகு? கம்பெனியின் பெயர் மாறியது. வேறு கம்பெனியிடம் வாங்கிய மருந்தே அதன் பிரதான சரக்காயிற்று. 2009ல் கம்பெனியே கைமாறியது. இந்த வழியில் பிறந்த ஒரு மருந்துகூட இன்றுவரை நோயாளியின் கைக்கு வரவில்லை.

ஆராய்ச்சி சுலபம் என்று நாம் சொல்லவில்லை. கிருமியைக் கொல்லும் ரசாயனம் மனிதனுக்குத் தீங்கு செய்யாது என்று நிரூபிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் மருந்து கிடைத்த பின்பும் நடப்பது என்ன? 2018ல் பிளாசோமைசினுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கோஜென் கம்பெனி 2019ல் திவாலாயிற்று! அதே 2018ல் நோவார்டிஸ் ஆண்டிபயாட்டிக் ஆராய்ச்சிக்கே கதவடைத்தது.

காரணம் வெளிப்படை. நல்ல ஆண்டிபயாட்டிக்கைச் சிக்கனமாகவே உபயோகிக்க வேண்டும். சில நாளில் நோயாளி எழுந்து நடப்பான். முதலாளிக்கு வேண்டியதோ ஆயுள் முழுதும் விழுங்கும் மாத்திரை!

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் 2019ல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் உயிர்களை நேரடியாகக் குடித்தன என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. இந்தச் சாவுக்கணக்கு எந்தக் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் ஏறும்?

தீயணைப்புப் படையை லாபத்துக்கா நடத்துகிறோம்? சர்க்கார்களின் பொது ஆராய்ச்சிக்கூடங்கள் இந்த வேலையை ஏற்கட்டும்! கண்டுபிடிப்பு பொதுச் சொத்தாகட்டும்! பாதையை ஃபேஜ் காட்டிவிட்டது. குறுக்கே நிற்கும் லாப வேட்டையை ஜனங்கள்தான் அகற்ற வேண்டும்!