சாலை வருகிறது, விழித்துக் கொள்ளுங்கள்!



சாலையே வேண்டாம் என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டார். சரக்கு லாரி சீக்கிரம் வந்து சேர்ந்தால் நமக்கும் லாபம்தான். ஆனால், அந்தச் சாலை யாருடைய வீட்டை, யாருடைய கடையை, எந்த ஏரியை விழுங்கிவிட்டு வருகிறது என்று கேட்க வேண்டாமா?

2018-ம் ஆண்டு சென்னை - சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் வந்தது. 277 கிலோ மீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். வயலிலும் தோப்பிலும் கல் நட்டார்கள். கிணறு போய்விட்டால் மீதி நிலம் இருந்தும் என்ன பயன்? விவசாயிகள் அழுததோடு நிற்கவில்லை. வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலம் எடுக்கும் நடவடிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்சநீதிமன்றம், நிலம் எடுக்க அறிவிக்கை வெளியிடுவதற்கு முன் அனுமதி தேவையில்லை என்றது. ஆனால் பணியைத் தொடங்கும் முன் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றே ஆக வேண்டும் என்றும் சொன்னது. ஏழை விவசாயி கேட்ட கேள்விக்கு நாட்டின் உச்சநீதிமன்றமே பதில் சொல்ல வேண்டியிருந்தது!

நாம் என்ன செய்கிறோம்? புல்டோசர் வந்த பிறகு சாலையில் உட்காருகிறோம். அப்போது சட்டம் நம் பக்கம் இருக்காது. 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்கும் அறிவிக்கையின் விவரம் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் வர வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழிப் பத்திரிகை. அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். அதன்பின் இறுதி அறிவிக்கை வெளியானால், நிலம் அன்றே அரசுக்குச் சொந்தம்! பணம் பிறகுதான்.

வாடகைக் கடைக்காரர்களே, 'இடம் நம்முடையதல்லவே' என்று ஒதுங்காதீர்கள். ஓர் இடத்தில் மூன்றாண்டுகளாகப் பிழைப்பு நடத்தி, அந்தப் பிழைப்பை இழக்கும் வாடகைதாரரையும் தொழிலாளியையும் 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே பார்க்கிறது. ஆனால் ஆதாரம் வேண்டும். வாடகை ஒப்பந்தம், தொழில் உரிமம், ரசீதுகள் உங்கள் கையில் இருக்கின்றனவா? வாய்ப்பேச்சில் வாடகை பேசிப் பல ஆண்டுகள் கடை நடத்துபவர் எதைக் காட்டுவார்?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். உயர்த்திப் போட்ட சாலை ஓர் அணைக்கட்டு. அடியில் போதிய பாலங்கள் இல்லாவிட்டால், ஏரிக்குப் போக வேண்டிய மழைநீர் நம் தெருவுக்குள் வரும். கடைச் சரக்கு நனையும். சாலைக்கு இடம் கொடுக்காதவருக்கும் இந்த நஷ்டம் உண்டு. எனவே பொது விசாரணை நடக்கும்போது 'தண்ணீர் எந்த வழியாகப் போகும்?' என்று கேளுங்கள். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கை, அதன்கீழ் நடக்கும் பொது விசாரணைக்கு 30 நாட்கள் முன்னதாகத் தகவல் தரச் சொல்கிறது. அந்த நாளில் கடையை அடைத்துவிட்டாவது போங்கள். எழுதிக் கொடுங்கள். பெற்றுக் கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

இளைஞர்களே, ஒவ்வொரு ஊரிலும் படித்தவர்கள் நான்கு பேர் இந்தப் பொறுப்பை எடுத்துக் கொள்ளுங்கள். பத்திரிகை அறிவிப்புகளைத் தினமும் பாருங்கள். நம் ஊர்ப் பெயர் வந்தால் அன்றே ஜமாஅத்திலும், வியாபாரிகள் சங்கத்திலும், பக்கத்துத் தெரு விவசாயிகளிடமும் சொல்லுங்கள். சாலை மதம் பார்த்து வருவதில்லை. மனுவும் ஒன்றாகவே போகட்டும்.

21 நாட்கள்தான் சகோதரர்களே. இருபத்திரண்டாவது நாள் எழுப்பும் கோஷத்துக்குப் பயன் இல்லை!