குடிக்கப்படாத காபி

நுழையும்முன்

நாள்தோறும் பார்க்கும் காட்சி, கேள்வி எழுப்பாமலே மனத்தில் பதிந்துவிடும். பழைய தொலைக்காட்சித் தொடர்களின் மாந்தரிடம் காணப்பட்ட விந்தையான பழக்கங்களுள் ரசிக்கத்தக்கவை எவை, வினவத்தக்கவை எவை எனப் பகுத்துக் காண்கிறது இக்கட்டுரை.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த கரடியூர்ப் பகுதியில் காபிச்செடி கோடைமழைக்குப் பூக்கிறது. பனிக்காலத்தில் பழம் சிவக்கிறது. அதனைக் கையால் பறித்து, தோல் நீக்கி, உலர்த்தி, வறுத்து, அரைத்த பின்னரே ஒரு குவளைக் காபி கிடைக்கிறது. ஆனால், பழைய தொலைக்காட்சித் தொடர்களில் அந்தக் காபியை முழுவதும் குடித்தவர் அரியர். விருந்தினர் குவளையை வாங்குவார். அதிர்ச்சியூட்டும் செய்தி ஒன்று வரும். குவளை அப்படியே மேசைக்குத் திரும்பும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. பின்னாளில் தொடர்கள் பெருகி, அவற்றின் மாந்தர் வீட்டாரைப் போலவே பழகிப்போயினர். அவர்தம் பழக்கங்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல்வகை, பாத்திரத்தின் இயல்பில் பிறந்தது. 1985ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘கரம்சந்த்’ என்னும் இந்தித் தொடரின் துப்பறிவாளர் ஓயாமல் கேரட்டைக் கடித்துக்கொண்டிருப்பார். அமெரிக்கத் தொடரின் கொலம்போ, விடைபெற்றுக் கதவுவரை சென்றபின் திரும்பி வந்து இன்னொரு வினாவைத் தொடுப்பார். குற்றவாளி அசந்திருக்கும் நொடியில் விழும் வினா அது. இத்தகைய பழக்கங்கள் மாந்தருக்கு உயிரூட்டுகின்றன.

இரண்டாம் வகை, ஒளிப்படக்கருவியின் தேவையில் பிறந்தது. காபியைப் பருகினால் உரையாடல் தடைப்படும். ஒரே காட்சியைப் பலமுறை எடுக்கையில் குவளையின் அளவும் மாறித் தெரியும். முகம் மறையக்கூடாது என்பதற்காகவே குடும்பத்தார் உணவுமேசையின் ஒருபுறம் மட்டும் அமர்கின்றனர். நேரத்தை மிச்சப்படுத்தவே, விடைபெறாமல் தொலைபேசியை வைக்கின்றனர். இவை நகைப்புக்கு உரியவை, தீங்கற்றவை.

மூன்றாம் வகையே கவனத்திற்குரியது. காபித் தட்டை ஏந்திவருபவர் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறார்? அனைவரும் உண்டபின் தனியே உண்பவரும் அவரே. குவளை குடிக்கப்படாமல் இருப்பதை ஒளிப்படக்கருவி வேண்டியது. அதனைப் பெண்தான் கொணரவேண்டும் என்று அது ஒருபோதும் வேண்டவில்லை. அது வீட்டிலிருந்து திரைக்குச் சென்ற வழக்கம். திரையில் நாள்தோறும் தோன்றியதால், மாற்றவியலாத இயற்கைபோல் மீண்டும் வீட்டிற்கே திரும்பியது.

தொடர்கள் சமூகத்தை உள்ளவாறு காட்டுகின்றன என்பர் சிலர். அது பாதி உண்மையே. உள்ளதைக் காட்டும் திரை, அதனை இயல்பென்று ஏற்கவும் பழக்குகிறது. எனவே, பழைய தொடர்களைப் புறக்கணிப்பதைவிட, வினவும் கண்ணோடு காண்பதே நன்று.

மலைச்சரிவில் காபிப்பழம் பறிப்போருள் பெண்களே மிகுதி. பகலெல்லாம் பறித்த கைகளே மாலையில் வீட்டாருக்குக் காபி ஆற்றவும் நேர்கிறது. குடிக்கப்படாத காபியைக் கண்டு சிரிக்கும் இளைஞர், தம் வீட்டில் குடித்து வைத்த குவளையைக் கழுவுபவர் யார் என்றும் ஒருமுறை நோக்குதல் வேண்டும்.