நீதிபதி பாலும் பாதி படித்தவர்களும்

டோக்கியோவில் யாசுகுனி என்றொரு ஆலயம் இருக்கிறது. ஜப்பானுக்காகப் போரில் இறந்தவர்களை வணங்கும் இடம். 1978ல் 14 'ஏ' பிரிவுப் போர்க்குற்றவாளிகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வளாகத்தில் 2005ல் ஒரு இந்திய நீதிபதிக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அவர்தான் ராதாபினோத் பால்.

இந்தச் செய்தியைப் படித்தாலே நம்மவர்களுக்குப் புல்லரிக்கிறது. "ஜப்பான் நிரபராதி என்று சொன்ன ஒரே நீதிபதி நம்ம ஆளு!" சரி, ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அவருடைய தீர்ப்பில் இவர்கள் பத்துப் பக்கமாவது புரட்டியிருப்பார்களா?

இன்றைய வங்கதேசத்தின் குஷ்டியா பகுதியில் 1886ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் பால். கணக்கு ஆசிரியராக இருந்து சட்டத்துக்கு வந்தார். போர்க்காலத்தில் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி (1941-43), பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1946ல் டோக்கியோ விசாரணைக்கு அனுப்பப்பட்டார். மொத்தம் 11 நீதிபதிகள். 1948 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 25 பேரும் குற்றவாளிகள், 7 பேருக்குத் தூக்கு. அத்தனை பேரையும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கவேண்டும் என்று எழுதியவர் பால் மட்டுமே.

ஏன்? போர் தொடுப்பது தனிமனிதர் செய்யும் குற்றம் என்ற சட்டம் அவர்கள் போர் தொடுத்தபோது இல்லை. செயல் முடிந்தபிறகு சட்டம் எழுதி, அதை வைத்துத் தூக்கிலிடுவது நீதியா? வென்றவனே நீதிபதியாக உட்கார்ந்தால், ஹிரோஷிமாவில் குண்டு போட்டவனை யார் விசாரிப்பது? ஆசியாவைக் கூறுபோட்டு ஆண்ட நாடுகள் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பாடம் நடத்தலாமா? இந்தக் கேள்விகளுக்கு இன்றுவரை நேரான பதில் இல்லை. அந்தத் துணிச்சலுக்கு வணக்கம்.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. நான்கிங்கில் ஜப்பானியப் படை பொதுமக்களுக்கும் கைதிகளுக்கும் செய்த கொடுமைகளைப் பற்றி எழுதும்போது, பிரச்சாரத்தையும் மிகைப்படுத்தலையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சாட்சியங்கள் மறுக்கமுடியாதவை என்கிறார். கொடுமை நடக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. கூண்டில் நிற்கும் தலைவர்கள்தான் அதற்கு உத்தரவிட்டார்கள் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றுதான் சொன்னார். நான்கிங்கே கட்டுக்கதை என்று வாதிடும் ஜப்பானிய வலதுசாரிகள் பாலின் பெயரை இழுப்பது, அவர் தலையில் மிளகாய் அரைப்பதுதான்.

அதற்காகப் பால் எல்லா இடத்திலும் சரி என்று ஆகிவிடாது. சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942-43ல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர். போர்க்கைதிகள் மட்டுமா செத்தார்கள்? மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். பலருக்குப் புதைகுழி அடையாளம்கூட இல்லை. கைதிகளை அந்த வேலையில் இறக்கியதற்குப் பிரதமர் டோஜோ பொறுப்பு என்பதைப் பாலே ஏற்கிறார். ஆனால் அது அரசின் செயல், அவர்மேல் குற்றம் ஆகாது என்று கடந்துபோகிறார். அரசு செய்தால் குற்றமில்லை என்றால் எந்த அரசு மாட்டும்? ஏகாதிபத்தியத்தை அவ்வளவு தெளிவாகப் பார்த்த கண்ணுக்கு, ஆசியனை ஆசியனே அடிமையாக்கியது ஏன் அதே அளவுக்குத் தெரியவில்லை?

பாலைக் கொண்டாடுங்கள், தப்பில்லை. ஆனால் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை என்பது வேறு, நல்லவன் என்ற சான்றிதழ் வேறு. முன்னதைத்தான் பால் கொடுத்தார். பின்னதை அவர் பெயரில் அச்சடித்து விற்கிறார்கள். அதை நாமும் பெருமையோடு வாங்கி மாட்டிக்கொண்டால், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் நம் ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது?