மீனே சாட்சியாம்!

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. தாமிரபரணிப் படித்துறை ஒன்று. யாரோ ஒரு கை பொரியை வீச, மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மொய்க்கின்றன. பின்னணியில் பக்திப் பாட்டு. அனுப்பியவர் என் சித்தப்பா, பல வருஷம் கெமிஸ்ட்ரி பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கீழே அவருடைய தீர்ப்பு: "ஆறு கெட்டுப்போச்சுன்னு கத்துறவங்களுக்கு மீனே சாட்சி." அதற்கு வரிசையாகக் கும்பிடுகள், கைதட்டல்கள். அக்கா ஒருத்தி ஆனந்தக் கண்ணீர் வேறு விட்டிருந்தாள்.

சாட்சியை விசாரித்தேன். வீடியோவில் துள்ளியதில் பெரும்பங்கு ஜிலேபி.

ஜிலேபியைத் தெரியாத தமிழன் உண்டா? ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது, 1952-ல் இந்தியாவுக்கு வந்து இறங்கிய மீன். எங்கே விட்டாலும் பிழைக்கும். குளம், குட்டை, உப்பங்கழி எல்லாம் அதற்கு ஒன்றுதான். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து, காற்றை ஒட்டிய மெல்லிய மேல்நீரை வாயால் இழுத்து உயிரைப் பிடித்துக்கொள்ளும். கொல்கத்தாவின் கிழக்கே மாநகரக் கழிவுநீரை விட்டே மீன் வளர்க்கிறார்கள். அங்கேயும் ஜிலேபி கொழுகொழுவென்று இருக்கிறது. அதை வைத்துக் கொல்கத்தா சாக்கடைக்குத் தீர்த்தம் என்று பட்டம் கொடுத்துவிடலாமா, சித்தப்பா? எங்கள் ஊரில் நாலு தெருக் கழிவு போய் விழுகிற குளம் ஒன்று உண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக முடியும். அங்கேயும் தூண்டில் போட்டு ஜிலேபி பிடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு இந்த வாட்ஸ்அப் பக்தர்களுக்குக் கொடுத்தால் ஜிலேபி சாட்சியை நம்பிக் குடிப்பார்களா?

விசாரிக்க வேண்டிய சாட்சி கல்லுக்கு அடியில் இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே, தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற இடத்தில், முழங்கால் தண்ணீரில் நின்று உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்துத் திருப்பினால் தெரியும். ஈரக் கல்லில் அப்பியபடி தட்டையாக ஒன்று விறுவிறுவென்று பக்கவாட்டில் ஓடும். வாலில் மெல்லிய இழைகள், வயிற்றின் இரு புறமும் இலை போன்ற செவுள்கள். மேஃபிளை என்கிற பூச்சியின் இளம்பருவம் அது. கையிலெடுத்தபின்னும் செவுள் துடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே மணல் பருக்கைகளைப் பட்டிழையால் ஒட்டிக் கட்டிய ஒரு குழாய், அரை விரல்கடை நீளத்தில். மணல்தானே என்று சுரண்டப் போனால் உள்ளேயிருந்து தலை எட்டிப் பார்க்கும். கேடிஸ் பூச்சியின் புழு. தட்டானின் குஞ்சும் இங்கேதான் பதுங்கியிருக்கும்.

ஊருக்குள் சாக்கடை ஓடை வந்து விழுகிற இடத்துக்குக் கீழே அதே அளவுக் கல்லைத் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று சாம்பல் நிறப் படலம். சேற்றில் சிவப்பு நூல் போல நெளியும் புழுக்கள். அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் உள்ள அதே வகை ஹீமோகுளோபின். இருக்கிற சொற்பப் பிராணவாயுவைப் பிடித்துவைக்க அந்தப் புழுக்களுக்கு அது தேவைப்படுகிறது. வண்ணமீன் கடைகளில் தீனியாக விற்கிறார்களே, அந்த வகையறாதான்.

கழிவுநீர் கலந்தால் அதைத் தின்னக் கோடிக்கணக்கில் பாக்டீரியா பெருகும். தின்னும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவையும் காலி செய்யும். மீனுக்கு வால் இருக்கிறது. மூச்சு முட்டினால் மேலே போகும், கீழே போகும். கல்லைக் கட்டிக்கொண்டு வாழ்கிற கேடிஸ் புழு எங்கே போகும்? முதலில் சாவது இது போன்றவைதான். கடைசிவரை மிச்சமிருப்பவற்றில் ஜிலேபியும் ஒன்று. ஊரே காலியான பிறகு கடைசி ஆளிடம் போய், 'எல்லாரும் சௌக்கியமா?' என்று கேட்பது போலத்தான் இந்த மீன் சாட்சியம்.

சரி, ஜிலேபியை விடுங்கள். நல்ல மீனே உயிரோடிருந்தாலும் ஆறு செத்திருக்கலாம். இங்கிலாந்தில் கென்னட் என்று ஒரு ஆறு, பளிங்கு மாதிரித் தண்ணீர். 2013-ல் அங்கே சுமார் 15 கிலோமீட்டருக்கு நன்னீர் இறாலும் பூச்சிகளும் துடைத்தெடுத்தது போலக் காணாமல் போயின. மீன்கள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. காரணம் ஆற்றில் கலந்த குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. அளவு, ஒன்றிரண்டு தேக்கரண்டி இருக்கலாம் என்றார்கள். நம் வீட்டு அஸ்திவாரத்தில் கரையானுக்கு ஊற்றுகிறோமே, வயலில் அடிக்கிறோமே, அதே மருந்து. டப்பாவைக் கழுவி எங்கே கொட்டுகிறோம்? வாய்க்காலில். பூச்சியைக் கொல்லத்தானே அதைச் செய்தார்கள்? வயல் பூச்சி எது, ஆற்றுப் பூச்சி எது என்று ஆதார் அட்டை கேட்டா கொல்லும்?

விஷம்கூட வேண்டாம், ஷாம்பு போதும். படித்துறை ஓரம் தண்ணீரின்மேல் நீண்ட கால்களை விரித்துச் சறுக்கிக்கொண்டு ஒரு பூச்சி திரியுமே, அது நிற்பது நீரின் மேற்பரப்பு இழுவிசையின் தயவில். சோப்பு நுரை வந்து அந்த இழுவிசையைத் தளர்த்தினால் கால் உள்ளே போகும், அப்புறம் ஆளும் உள்ளே. ஒரு ரூபாய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, தலையில் தேய்த்து முங்கிவிட்டு, காலி உறையையும் ஆற்றிலேயே விட்டுவிட்டு, மீனுக்குப் பொரி போடுகிற புண்ணியவான்களை என்னவென்று சொல்வது?

புண்ணியம் என்றதும் பாபநாசம் நினைவுக்கு வருகிறது. பரிகாரம் என்று உடுத்திய துணியைக் கழற்றி ஆற்றோடு விடுகிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி எங்கும் போவதில்லை. பாறையிலும் மணலிலும் படிந்து, அடியில் இருப்பதையெல்லாம் மூடிவிடுகிறது. டன் கணக்கில் அள்ளினாலும் அடுத்த அமாவாசைக்குத் திரும்ப நிறைகிறது. 2018-ல் புஷ்கர விழா என்று கூட்டங்கூட்டமாக வந்து முங்கினோம். கல்லுக்கு அடியில் இருந்தவற்றை யாராவது நினைத்தோமா? போதாததற்கு 'அழகுபடுத்துகிறோம்' என்று கரையைச் சிமெண்டால் பூசுகிறார்கள். புல் இல்லை, வேர் இல்லை, தட்டான் குஞ்சு பற்றி ஏறித் தோலுரிக்க ஒரு தண்டு இல்லை. செல்பி எடுக்க மட்டும் இடமிருக்கிறது. 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து இந்த ஆற்றைப் பார்வையிட வேண்டியிருந்தது. அவர்களிடமும் மீனே சாட்சி என்று சொல்லியிருப்பார் சித்தப்பா!

இதெல்லாம் நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. ஆற்றடியில் எந்தச் சிற்றுயிர் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துத் தண்ணீரின் தரத்தை மதிப்பிடும் முறையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வகுத்துவைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் மேஃபிளைக்கு மதிப்பெண் அதிகம், சிவப்புப் புழுவுக்கு அடிமட்டம். முறை இருக்கிறது, ஆனால் படித்துறைக்கு அது வந்து சேரவில்லை. வருவதெல்லாம் மீன்குஞ்சு விடும் விழாதான். மேடை, பந்தல், மாலை, பிளாஸ்டிக் வாளியிலிருந்து குஞ்சுகளைக் கவிழ்க்கும்போது ஒரு போட்டோ. வாளியிலிருந்து இறங்கிய குஞ்சு மறுநாள் காலையில் எதைத் தின்னும் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. மீனுக்காவது விழா எடுக்கிறார்கள். அது தின்னும் பூச்சிக்கு இதுவரை ஒரு டெண்டர்கூட விடக் காணோம்.