அலையெல்லையில் நிற்போர்

பொதுச்சொத்தைப் பயன்கொள்ளும் முறையை வகுப்போர், அதன் வளத்தைப் பெருக்கியதும் தம் கடமை முடிந்ததாகக் கருத இயலாது. அவ்வளம் எவரைச் சென்றடைகிறது, எவரை அடையாமல் நின்றுவிடுகிறது என்பதற்கும் அவர்களே பொறுப்பாளர். காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை பற்றிய பூசலில் உறுதிபெற்ற அக்கொள்கை, 2012-இல் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை அதே நீதிமன்றம் நீக்கியபோது நாடறிந்த நெறியாயிற்று. அலைக்கற்றையை எவருக்கு, என்ன விலைக்கு அளிப்பது என்பதில் அன்றுமுதல் நாடு காட்டிவரும் விழிப்பு போற்றத்தக்கது. ஆயினும் ஏலத்துக்குப் பல ஆண்டுகள் முன்னதாக, ஆய்வுக்கூடங்களிலும் பன்னாட்டுத் தர அவைகளிலும் நிகழ்ந்து முடிந்துவிடும் மற்றொரு பங்கீட்டின்மீது அவ்விழிப்பு படர்வதேயில்லை.

கம்பியில்லாத் தொலைத்தொடர்பிலும் குறிகைச் செயலாக்கத்திலும் இன்று ஆய்வாளர் முன் நிற்கும் வினாக்கள் எளியன அல்ல. மிக உயர்ந்த அதிர்வெண்களைப் பயன்கொள்வது, நூற்றுக்கணக்கான அலைவாங்கிகளை ஒருங்கியக்குவது, செய்தியைச் சுமக்கும் அலையைக் கொண்டே சுற்றுப்புறத்தை உணர்வது, செயற்கை நுண்ணறிவை அலையின் அடித்தளத்திலேயே புகுத்துவது என அவை விரிகின்றன. ஆனால் எவ்வினா அரியது, எவ்வினா தீர்ந்தது என்பதை முடிவு செய்வது இயற்கை மட்டுமன்று. எதை அளப்பது என்று மனிதர் வகுத்துக்கொண்ட அளவுகோலும் அதனை முடிவு செய்கிறது. ஐந்தாம் தலைமுறைக்குப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதித்த உச்ச வேகம் நொடிக்கு 20 கிகாபிட். பிழையற்ற சூழலில், கோபுரத்தின் வளம் முழுவதையும் ஒரே பயனர் பெற்றாலன்றி எட்டவியலாத அவ்வெண்ணை வாழ்வில் எவரும் கண்டிருக்கமாட்டார். விளம்பரத் தட்டிகளுக்கோ அதுவே உயிர்.

உச்சத்தை விடுத்து ஓரத்தை நோக்குவோம். கோபுரத்துக்கும் பயனருக்கும் இடையிலுள்ள தொலைவு இருமடங்கானால், பெறப்படும் ஆற்றல் வெட்டவெளியில் நான்கில் ஒன்றாகும். மரமும் சுவரும் மேடுபள்ளமும் மறிக்கும் நிலப்பரப்பில் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்குவது இயல்பு. கோபுரம் தன் பங்குக்குப் பத்துக்கணக்கான வாட் ஆற்றலைச் செலுத்தி இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். கையளவு மின்கலத்தை நம்பியிருக்கும் கைப்பேசிக்கோ வழக்கமாக அளிக்கப்பட்டிருப்பது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கே. எனவே ஓரத்தில் நிற்பவரின் இடர் கேட்பதில் தொடங்குவதில்லை; அவர் பேசுவது கோபுரத்தை எட்டாமையில் தொடங்குகிறது.

இதனுள்ளும் ஒரு நுட்பம் உண்டு. இன்றைய அலைவடிவங்கள் சீரான உயரமுடையன அல்ல. சராசரியினும் பன்மடங்கு எழும் முகடுகளை இடையிடையே கொண்டவை. முகடுகள் சிதையாமல் கடக்கவேண்டுமென்பதற்காக, கைப்பேசியின் மின்பெருக்கி தன் முழுத்திறனுக்கு மிகவும் தாழ்ந்தே இயக்கப்படுகிறது. என்றோ வரவிருக்கும் உயரமான தேருக்காகத் தெருவிலுள்ள கம்பிகளையெல்லாம் நாள்தோறும் கழற்றி வைப்பது போன்றது இது. முகடுகளைத் தணித்து, அலையின் உயரத்தை ஏறத்தாழ ஒரே சீராக வைத்திருக்கும் பண்பேற்ற முறை ஒன்று உண்டு. அதனைக் கையாண்டால் பெருக்கி தன் முழுத்திறனை நெருங்கி உழைக்கலாம், கைப்பேசியின் குரலும் நெடுந்தொலைவு எட்டும். வேகம் குறையும் என்பது உண்மையே. தொடர்பே இல்லாதவருக்கு அது இழப்பாகுமா?

இக்கேள்வியைப் பன்னாட்டு அவையில் எழுப்பியது இந்தியா என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். ஊரகச் சூழலை மதிப்பிட முன்னர் வகுக்கப்பட்ட மாதிரி, கோபுரங்கள் 1,732 மீட்டர் இடைவெளியில் நிற்பதாகவும், பயனரில் பாதிப்பேர் மணிக்கு 120 கிலோமீட்டர் விரையும் ஊர்திகளில் செல்வதாகவும் கொண்டிருந்தது. நெடுஞ்சாலையோர நாடுகளுக்கு அது பொருந்தக்கூடும். ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழை வந்து, அங்கு நாட்டப்படும் ஒற்றைக் கோபுரம் சுற்றுப்புறக் குக்கிராமங்கள் அனைத்துக்கும் விடைசொல்ல வேண்டிய நாட்டுக்கு அது பொருந்தாது. இந்தியாவின் தர அமைப்பும், சென்னை, ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் ஆய்வாளரும் வாதாடியதன் பயனாக, கோபுர இடைவெளி 6 கிலோமீட்டர் என்றும் மக்கள் பெரும்பாலும் நடந்தே செல்வர் என்றும் கொள்ளும் மாதிரியொன்று 2017-இல் ஒன்றியத்தின் மதிப்பீட்டு ஆவணத்தில் இடம்பெற்றது. இடைவெளி மூன்றரை மடங்கு. பரப்பளவோ பன்னிரண்டு மடங்கு.

முன்னோடியில்லாத முயற்சியன்று அது. செப்புக் கம்பி எட்டாத ஊர்களுக்குத் தொலைபேசியையும் இணையத்தையும் கம்பியின்றிக் கொண்டுசெல்ல, 1990-களில் அசோக் சுன்சுன்வாலா தலைமையில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் உருவாக்கிய கார்டெக்ட், மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் இணைய நிலையங்களை இயக்கியது. செல்பேசியின் பெருவெள்ளத்தில் அது மறைந்ததெனினும், நம் ஊரின் தேவையிலிருந்தே ஆய்வின் வினாவைத் தொடங்கலாம் என்னும் துணிவை விட்டுச்சென்றது.

அத்துணிவின் தொடர்ச்சியாக ஐந்தாம் தலைமுறைக்கென இந்தியா வகுத்த தனித் தரத்தின் சாரம் ஒன்றே: உலகத் தரத்தில் விருப்பத்தேர்வாக இருந்த மேற்சொன்ன பண்பேற்ற முறையைக் கட்டாயமாக்குதல். 2020 நவம்பரில் ஒன்றியம் அதனை ஏற்றது. தனித் தரம் கருவிகளின் விலையை ஏற்றும், உலகச் சந்தையிலிருந்து நம்மைப் பிரிக்கும் என்று சேவை நிறுவனங்கள் எழுப்பிய எதிர்ப்பைத் தன்னலம் என்று தள்ளிவிட இயலாது. விலையேற்றமும் ஏழையையே முதலில் தாக்கும். 2021 இறுதியில் அது உலகத் தரத்தின் பதினேழாம் வெளியீட்டோடு இணைக்கப்பட்டது நல்ல முடிவே. ஆனால் விருப்பத்தேர்வாக எழுதப்படும் எதுவும் செலவைக் கணக்கிடுவோரால் ஒத்திவைக்கப்படும் என்பதையும், அக்கணக்கில் ஊரக ஓரம் எப்போதும் கடைசி வரி என்பதையும் மறத்தல் ஆகாது.

கேட்கும் வழியை மட்டும் சிந்தித்து, பேசும் வழியைப் பின்னுக்குத் தள்ளுவதன் விளைவைக் குமரிக் கடற்கரை அறியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் சீறியபோது, பலநாள் மீன்பிடிப்புக்குச் சென்றிருந்தோர் கரையின் அலைகள் எட்டாத தொலைவில் இருந்தனர். 2019-இல் அறிமுகமான ஜெமினி கருவி, செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையை ஆழ்கடலுக்குக் கொண்டுசென்றது. நன்றிக்குரிய முன்னேற்றம் அது. எனினும் அக்கருவி செய்தியைப் பெறவல்லதேயன்றி அனுப்பவல்லதன்று. மறுபுறம், இடர்க்குறிப்பை அனுப்பவல்ல பழைய கருவியோ, அக்குறிப்பு கரையை எட்டியதா என்று மீனவருக்குச் சொல்லவல்லதன்று. இருவழியும் இணைந்த கருவிகள் பின்னரே வந்தன.

ஆறாம் தலைமுறை இப்போது உருப்பெறுகிறது. அதற்கான கட்டமைப்பை ஒன்றியம் 2023-இல் வெளியிட்டது. இணைப்பற்றோரை இணைத்தல் அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சிறப்பாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் உச்ச வேகத்துக்கு நொடிக்கு 50, 100, 200 கிகாபிட் என்று எடுத்துக்காட்டு எண்களை எழுதிய அவ்வாவணம், அலை எவ்வளவு தொலைவு எட்டவேண்டும் என்பதற்கு எண் எதனையும் எழுதவில்லை. எண் இல்லாத நோக்கத்துக்கு எந்தப் பொறியாளரும் விடைசொல்ல வேண்டியதில்லை. நம் அரசும் 2023 மார்ச்சில் தன் ஆறாம் தலைமுறைத் தொலைநோக்கை அறிவித்து, ஆய்வுக்குப் பொதுப்பணத்தை ஒதுக்கிவருகிறது. அப்பணத்தைப் பெறும் ஒவ்வொரு திட்டமும், கோபுரத்தின் கடைசி எல்லையில், வீட்டுக்குள், விலை குறைந்த கைப்பேசியோடு இருப்பவரின் குரல் எவ்வளவு நம்பகமாகச் சென்றடைகிறது என்பதை அளந்து வெளியிடவேண்டும் என்று அரசு நிபந்தனை விதிக்கலாம். உயர் அதிர்வெண் ஆய்வை இதனால் எவரும் கைவிடவேண்டியதில்லை. அவ்வாய்வுகளின் பயன் சில நூறு மீட்டர் வட்டத்துக்குள் முடிகிறது என்பது அறிக்கையிலேயே தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

ஐந்தாம் தலைமுறை ஆவணத்தில் மற்றுமொரு குறிப்பு உண்டு. பயனரில் மிகத் தாழ்ந்த தரத்தைப் பெறும் ஐந்து விழுக்காட்டினருக்கும் குறைந்தபட்ச நிறமாலைப் பயன்திறன் கிட்டவேண்டும் என்று விதித்த ஒன்றியம், இந்தியா வாதாடிப் பெற்ற 6 கிலோமீட்டர் மாதிரிக்கு மட்டும் அவ்விதி பொருந்தாது என்று விலக்களித்தது. அம்மாதிரியில் சராசரி தேறினால் போதும். எவருக்காக அம்மாதிரி வகுக்கப்பட்டதோ அவர்களே கணக்கிலிருந்து விடுபட்டனர். ஆறாம் தலைமுறைக்கான முன்மொழிவுகளை ஒன்றியம் 2027 முதல் பெறவிருக்கிறது. அவற்றை எடைபோடும் அளவுகோலில் அவ்விலக்கு மீண்டும் இடம்பெறலாகாது என்று இந்தியப் பேராளர்கள் எழுத்தில் வலியுறுத்தவேண்டும். ஒன்றியம் இணங்காவிடினும், நம் நாட்டில் அலைக்கற்றை பெறுவோர் அவ்விதியை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று உரிம நிபந்தனையில் எழுதும் உரிமை அரசுக்கு உண்டு.